கொண்டையோடு போடக்கூடிய கம்பளி ஹூட்: குரோஷேவா, நிட்டிங்கா?

நூல்கண்டு எழுதியது:

தோழிகளே, ஒரு யோசனை வேண்டும். அம்மா அக்டோபரில் ஒரு யாத்திரைக் குழுவோடு கேதார்நாத், பத்ரிநாத் போகிறார். கேதார்நாத் 3,583 மீட்டர் உயரம். அந்த மாதத்தில் அங்கே பனி விழுந்தாலும் ஆச்சரியமில்லை. கடையில் கிடைக்கும் மங்கி கேப் அம்மாவுக்குச் சரிவரவில்லை. பிடரியில் கனமான கொண்டை. தொப்பியை இழுத்துவிட்டால் கொண்டை அதை மேலே தள்ளிவிடுகிறது, கழுத்துக்கும் தொப்பிக்கும் நடுவே நான்கு விரல் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. சால்வையைத் தலையோடு சுற்றினால் நடக்க நடக்க நழுவும். அதனால் தலை, காது, கழுத்து எல்லாம் ஒன்றாக மூடும் ஹூட் ஒன்று போட்டுக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

எனக்குக் குரோஷே, அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியில் போடும் பின்னல், நன்றாக வரும். இரண்டு ஊசியில் போடும் நிட்டிங்கில் நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைக் கண்ணியும் தெரியும், அதற்கு மேல் பழக்கமில்லை. முழுவதும் குரோஷேயிலேயே போட்டால் போதுமா? இன்னொன்று, அம்மாவுக்கு உல்லன் நெற்றியில் பட்டால் அரிக்கும்.

கோத்தகிரிமகள் எழுதியது:

தாராளமாகக் குரோஷேயில் போடலாம் நூல்கண்டு. எங்கள் பக்கம் ஜனவரியில் விடியற்காலையில் புல் எல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும். அந்தக் குளிருக்கே நாங்கள் குரோஷே ஹூட்தான் போடுகிறோம். நடுத்தர உயரக் கண்ணியான ஹாஃப் டபுள் குரோஷே போடுங்கள், துணி கெட்டியாக வரும், ஓட்டை தெரியாது. வேலையும் வேகமாக நடக்கும். நடுவில் பிரிக்க வேண்டி வந்தாலும் கொக்கியில் ஒரே ஒரு கண்ணிதான் இருக்கும், நிட்டிங் மாதிரி ஊசியிலிருந்து நூறு கண்ணி நழுவிவிடுமோ என்ற பயம் இல்லை.

அளவு சுலபம். 66 செ.மீ. நீளம், 24 செ.மீ. அகலத்துக்கு ஒரு நீளத் துண்டு. அதன் நீளம் பாதியாகும்படி மடித்து, பின்பக்க ஓரத்தை மட்டும் தைத்தால் ஹூட் தயார். கீழ் ஓரத்திலிருந்து கழுத்துக்கு நீட்டிக்கொண்டே போகலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: மடித்துத் தைக்கும் ஹூட்டுக்கு உச்சியில் பின்பக்கமாக ஒரு கூர் நிற்கும். குழந்தைகளுக்கு அது அழகு.

ஊசிமுனை எழுதியது:

நான் பள்ளியில் தையலும் பின்னலும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கோத்தகிரிமகள் சொல்வதில் பாதியை முழு மனதாக ஏற்கிறேன். தலையை மூடும் பகுதிக்குக் குரோஷே நல்லது. ஆனால் முகத்தைச் சுற்றி வரும் ஓரமும் கழுத்தும் நிட்டிங் ரிப்பாகத்தான், அதாவது வரி வரியாக நீண்டு சுருங்கும் பின்னலாகத்தான், இருக்க வேண்டும்.

காரணம் சொல்கிறேன். நிட்டிங்கில் ஒவ்வொரு கண்ணியும் பக்கத்துக் கண்ணியோடு ஒரே நூலில் வளைந்து வளைந்து ஓடுகிறது. இழுத்தால் வளைவு விரியும், விட்டால் சுருங்கும். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று ரிப் போட்டால் பர்ல் வரிகள் உள்ளே ஒடுங்கிக்கொள்ளும், அதனால் இன்னும் கூடுதலாக விரிந்து சுருங்கும். குரோஷேயில் ஒவ்வொரு கண்ணியும் தன்னளவில் முடிச்சுப் போட்டது மாதிரி பூட்டிக்கொள்கிறது. அதனால்தான் துணி கெட்டியாக, தடிமனாக நிற்கிறது. அதே காரணத்தால் முகத்தை ஒட்டிப் பிடிக்காது.

இது வீட்டில் போட்டுப் பார்க்கும்போது தெரியாது. முழுக்க முழுக்கக் குரோஷேயில் போட்ட ஹூட்டைத் தலையில் போட்டுக்கொண்டு சட்டென்று இடப்பக்கம் திரும்பிப் பாருங்கள். தலை திரும்பும், ஹூட் திரும்பாது. இடது ஓரம் கன்னத்தில் ஏறி ஒரு கண்ணை மூடிவிடும், உங்களுக்குத் தெரிவது ஹூட்டின் உள்பக்கம்தான். கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத் ஏறும் பாதையில் குதிரையும் கோவேறு கழுதையும் பின்னாலிருந்து வந்துகொண்டே இருக்கும். அம்மா பக்கவாட்டில் பார்க்க முடிய வேண்டும். ரிப் ஓரம் நெற்றியையும் தாடையையும் லேசாகப் பிடித்திருந்தால் ஹூட் தலையோடு சேர்ந்து திரும்பும். கன்னத்துக்குப் பக்கத்தில் காற்றும் புகாது.

உங்களுக்குத் தெரிந்த நிட், பர்ல் இரண்டுமே இதற்குப் போதும்.

கோத்தகிரிமகள் எழுதியது:

அம்மா, குரோஷேயிலும் ரிப் உண்டே? பின்பக்கக் கண்ணியில் மட்டும் குத்திப் போட்டால் வரி வரியாக வரும், நீளும்.

ஊசிமுனை எழுதியது:

உண்டு, பார்க்கவும் அழகாக இருக்கும். புதிதாக இருக்கும்போது நீளவும் செய்யும். ஆனால் திரும்பிச் சுருங்கும் வலு நிட்டிங் ரிப்பில் இருக்கும் அளவு அதில் இல்லை. இங்கே வேண்டியது அந்தச் சுருங்குதல்தான்.

நூல்கண்டு எழுதியது:

திரும்பிப் பார்க்கும் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை டீச்சர். அப்படியானால் இரண்டையும் சேர்த்தே போடுகிறேன். குரோஷே ஓரத்திலிருந்து நிட்டிங்குக்கு எப்படிப் போவது? கொண்டைக்கு இடம் எப்படி வைப்பது? மடித்துத் தைத்தால் இடம் உச்சியில் கிடைக்கிறது, கொண்டையோ பிடரியில் இருக்கிறது.

ஊசிமுனை எழுதியது:

சரியாகப் பிடித்தீர்கள். அதனால் மடித்துத் தைக்கும் முறை வேண்டாம். மூன்று துண்டாகப் போடுங்கள்: நெற்றியிலிருந்து உச்சி வழியாகப் பிடரி வரை இறங்கும் ஒரு நடுப்பட்டை, இரண்டு பக்கத்துக்கும் இரண்டு துண்டு. நடுப்பட்டையின் அகலம் பின்தலை முழுக்க வருவதால் கொண்டை வசதியாக உட்காரும், கூரும் நிற்காது.

நூல் டிகே (நடுத்தரத்துக்குச் சற்று மெல்லிய) தடிமன், குரோஷே ஊசி 5 மி.மீ. முதலில் ஒரு மாதிரித் துண்டு போட்டு அளந்துகொள்ளுங்கள். ஹாஃப் டபுளில் 10 செ.மீ.க்கு 15 கண்ணி, 11 வரிசை வர வேண்டும். கண்ணி கூடினால் ஊசியைப் பெரிதாக்குங்கள், குறைந்தால் சிறிதாக்குங்கள்.

நடுப்பட்டைக்கு 23 செயின் போட்டு, கொக்கியிலிருந்து மூன்றாவது செயினில் தொடங்கினால் 21 கண்ணி வரும். 53 வரிசை போடுங்கள். அகலம் 14 செ.மீ., நீளம் 48 செ.மீ. 22-வது வரிசை முடிந்த இடத்தில் இரு ஓரத்திலும் ஊக்கு குத்தி வையுங்கள், உச்சி மடங்கிப் பின்பக்கம் இறங்கும் இடம் அதுதான். பக்கத் துண்டு ஒவ்வொன்றுக்கும் 32 செயின், 30 கண்ணி, 31 வரிசை. அதாவது 20 செ.மீ. அகலம், 28 செ.மீ. உயரம்.

இணைக்கும்போது பக்கத் துண்டின் மேல் ஓரத்து 30 கண்ணியை, நடுப்பட்டையின் முதல் 22 வரிசையோடு சேருங்கள். பின் ஓரத்து 31 வரிசை, பட்டையில் மீதியிருக்கும் 31 வரிசையோடு ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்தும். சிங்கிள் குரோஷேயால் இணைத்தால் தையல் மேடு வெளிப்பக்கம் வரட்டும், காதுக்கு மேல் உறுத்தக் கூடாது. அம்மாவின் கொண்டை மிகப் பெரியது என்றால் பக்கத் துண்டை 33 கண்ணியாக்கி, நடுப்பட்டையின் மேல்பகுதியில் 2 வரிசை கூட்டுங்கள். ஆழம் 2 செ.மீ. கூடும்.

இனி முக ஓரம். வெளிப்பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். குரோஷே ஊசியை ஓரத்தில் நுழைத்து நூலை இழுத்து ஒரு கண்ணி எடுங்கள், அதை அப்படியே 4 மி.மீ. நிட்டிங் ஊசியில் ஏற்றுங்கள். இப்படி ஒரு பக்கத்தில் 50, நடுப்பட்டையில் 26, மறுபக்கத்தில் 50. மொத்தம் 126 கண்ணி. நேர் ஊசியில் இவ்வளவும் நெருக்கியடிக்கும், அதனால் வட்ட ஊசியையே (நடுவில் வளையும் கம்பியால் இணைத்த இரண்டு ஊசி) எடுத்து, சுற்றாமல் போய்த் திரும்பிப் போடுங்கள். வெளிப்பக்க வரிசையில் 2 நிட்டில் தொடங்கினால் 2 நிட்டிலேயே முடியும், இரு ஓரமும் ஒரே மாதிரி இருக்கும். 12 வரிசை, ஏறக்குறைய 4 செ.மீ. 70 செ.மீ. வாயை ரிப் இழுத்துப் பிடித்து முகத்தளவுக்குக் கொண்டுவந்துவிடும்.

கழுத்துக்கு, தாடைக்குக் கீழே ரிப்பின் இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்துவிடுங்கள். பிறகு கீழ் ஓரம் முழுக்கச் சுற்றிக் கண்ணி எடுங்கள். குரோஷே ஓரத்தில் 81 கண்ணி இருக்கிறது, 3-க்கு 4 என்று எடுத்தால் 108. முனைகள் சேர்ந்த இடத்தில் 12. ஆக 120. இதை அதே வட்ட ஊசியில், 60 செ.மீ. நீளமுள்ளது போதும், 2 நிட் 2 பர்லாகச் சுற்றிச் சுற்றி 18 செ.மீ. போடுங்கள். சுற்றிப் போடும்போது எப்போதும் வெளிப்பக்கம்தான் கண்ணுக்கு முன்னால் இருக்கும். நிட் மேல் நிட், பர்ல் மேல் பர்ல், குழப்பமே வராது.

நூல் மொத்தம் 250 கிராம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பனிக்காலம் எழுதியது:

டீச்சர், கடையில் நிட்டிங் ஊசிக்கு நம்பர்தான் சொல்கிறார்கள். 8-ம் நம்பர் கேட்கலாமா?

ஊசிமுனை எழுதியது:

நம் ஊர்க் கடையில் 8-ம் நம்பர் என்றால் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் கணக்கு, அது 4 மி.மீ. அந்தக் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 10-ம் நம்பர் 3.25 மி.மீ. அமெரிக்கக் கணக்கு நேர் எதிர். அவர்களுடைய 8-ம் நம்பர் 5 மி.மீ. வீடியோ பார்த்துப் போடுகிறவர்கள் மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குங்கள். குரோஷேயிலும் இப்படித்தான். நான் மேலே எழுதியது அமெரிக்க வழக்கம். பிரிட்டிஷ் புத்தகம் வைத்திருப்பவர்கள் என் ஹாஃப் டபுளை ஹாஃப் ட்ரெபிள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காபரோவாசி எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் இருப்பது டொரன்டோ பக்கம். இங்கே ஜனவரிக் காற்று எப்படி என்று சொல்லி விளங்காது. குளிரைக் கம்பளி தாங்கும், காற்றைத் தாங்காது. எவ்வளவு நெருக்கிப் பின்னினாலும் காற்று ஊடுருவும். நான் செய்வது இதுதான்: குரோஷே பகுதிக்கு மட்டும் உள்ளே மெல்லிய பிளீஸ் (பஞ்சு போன்ற மென்மையான செயற்கை) துணியால் உள்தையல். குரோஷே இழுபடாது என்று டீச்சர் சொன்னாரே, அந்தக் குணமே இங்கே உதவி. இழுபடாத துணிக்குத்தான் உள்தையல் ஒழுங்காக நிற்கும். ரிப் பகுதிக்கு உள்தையல் போட வேண்டாம், போட்டால் நீளாது. நடுப்பட்டையின் உட்புறம் மட்டும் சாட்டின் வைத்தால் முடி சிக்குப்படாது, கொண்டையும் குலையாது.

அரிப்பைப் பற்றி ஒரு விஷயம். தோலில் குத்துவது தடித்த இழைகளின் நுனி. 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழை வளையாமல் ஊசி போலக் குத்தும். மெரினோ என்ற மென்மையான ஆட்டுக் கம்பளி பொதுவாக 24 மைக்ரானுக்குள் இருக்கும், நுனி தோலில் பட்டவுடனே மடங்கிவிடும். உங்கள் ஹூட்டில் தோலில் நேரே படுவது முக ரிப்பும் கழுத்தும் மட்டும். தலைப்பகுதிக்கு உள்தையல் வருகிறது. ஆகவே ரிப்புக்கு மட்டும் 100 கிராம் மெரினோ வாங்கி, மிச்சத்துக்கு 150 கிராம் அக்ரிலிக் வாங்கினால் செலவும் குறையும். அக்ரிலிக் ரிப் சில காலம் பாவித்ததும் தளர்ந்துவிடும். மெரினோ திரும்பத் திரும்பச் சுருங்கும். மூச்சுக்காற்றின் ஈரம் கழுத்து ரிப்பில்தான் படியும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கினாலும் ஈரமாகத் தெரியாது.

நூல்கண்டு எழுதியது:

அக்கா, இது அருமை. ரிப்புக்கு மெரினோ, தலைக்கு அக்ரிலிக், குறித்துக்கொண்டேன். மங்கி கேப்பை மட்டும் ஏன் கொண்டை வைத்தவர்களுக்கு ஒத்துவராத மாதிரி போடுகிறார்களோ தெரியவில்லை.

ஸ்காபரோவாசி எழுதியது:

அது முதலில் படையாட்களின் தொப்பி. கிரிமியப் போரில் 1854 அக்டோபர் 25-ம் திகதி பாலக்லாவா என்ற இடத்தில் சண்டை நடந்தது. அதைத் தொடர்ந்த குளிர்காலத்தில் பிரிட்டிஷ் படைக்கு உடுப்பு ஒழுங்காகப் போய்ச்சேரவில்லை, ஊரில் இருந்த பெண்கள் கம்பளியில் பின்னி அனுப்பினார்கள். பாலக்லாவா என்ற பெயர் தொப்பிக்குப் பல வருஷம் கழித்துத்தான் ஒட்டியது. கார்டிகன், ராக்லன் என்று நாம் சொல்லும் பின்னல் உடுப்புகளின் பெயரும் அதே போரில் இருந்த இரண்டு பிரபுக்களுடையவைதான். பிறகு இரண்டு உலகப் போரிலும் செஞ்சிலுவைச் சங்கத்துக்காகப் பெண்கள் இந்தத் தொப்பியைப் பின்னிக் குவித்தார்கள். ஒட்ட வெட்டிய தலைக்கு, மேலே இரும்புத் தொப்பி வைப்பதற்கு ஏற்ற அளவு அது. கொண்டைக்கு எங்கே இடம் இருக்கும்?

கோத்தகிரிமகள் எழுதியது:

இரண்டு பேரும் சொன்னதைப் படித்த பிறகு, முக ஓரத்துக்கு ரிப்தான் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். இனி இங்கேயும் அப்படியே போடப் போகிறேன். நூல்கண்டு, ஹூட்டை மட்டும் சரியாகப் போட்டுவிடுங்கள், உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது என்பார்கள்.

பனிக்காலம் எழுதியது:

அக்கா, அந்தக் கணக்கு சரியில்லை. அமெரிக்க ராணுவத்தின் பழைய கையேடு ஒன்றில் பாதிக்கு நெருக்கமாக எழுதியிருந்தது, அதிலிருந்து உலகமெல்லாம் பரவிவிட்டது. 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைத் தவறு என்று எழுதினார்கள். உடம்பின் பரப்பில் தலைக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, சூடு போவதும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். முகமும் காதும் குளிரை அதிகமாக உணர்வதால் நமக்குத் தலையே எல்லாம் என்று தோன்றுகிறது. இதைச் சொல்லக் காரணம், ஹூட் இருக்கிறது என்று அம்மாவை மெல்லிய ஸ்வெட்டரோடு அனுப்பிவிடக் கூடாது. உள்ளே தெர்மல், கையுறை, இரண்டாவது ஜோடி சாக்ஸ் எல்லாம் இருக்கட்டும்.

கோத்தகிரிமகள் எழுதியது:

நன்றி பனிக்காலம். சின்ன வயதிலிருந்து கேட்டுவந்த பேச்சு அது.

மழலைவீடு எழுதியது:

தோழிகளே, இதே ஹூட்டை என் இரண்டு வயதுப் பெண்ணுக்குப் போட ஆசை. மாமியார் வீடு வால்பாறை. ரிப்புக்குப் பதிலாக முக ஓரத்தில் கயிறு கோத்து முடிச்சுப் போடலாமா? நுனியில் குஞ்சம் வைத்தால் அழகாக இருக்கும்.

ஊசிமுனை எழுதியது:

கயிறு வேண்டவே வேண்டாம் மா. சறுக்குமரத்திலோ கதவிலோ கயிறு மாட்டிக்கொண்டு கழுத்து இறுகிய குழந்தைகள் உண்டு. பிரிட்டனில் 1976-லேயே சிறு குழந்தைகளின் ஹூட்டில் இழுகயிறு வைத்து விற்கச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அமெரிக்காவிலும் 1996-ல் கயிறு வைக்காதீர்கள் என்று வழிகாட்டுதல் கொடுத்தார்கள். ரிப் ஓரமே பிடித்துக்கொள்ளும். குஞ்சம் வேண்டுமானால் உச்சியில், இழுத்தாலும் வராத மாதிரி கெட்டியாகத் தையுங்கள். தூங்கும்போது ஹூட்டைக் கழற்றிவிடுங்கள், உடம்பு சூடேறிவிடும்.

மழலைவீடு எழுதியது:

ஐயோ, இது தெரியாமல் இருந்தேன். கயிறு இல்லை. வண்ண வண்ணச் சதுரமாகப் போட்டு இணைத்து ஹூட் பண்ணலாமா?

கோத்தகிரிமகள் எழுதியது:

பண்ணலாம். சதுரங்களைச் சேர்த்தே 2016 ஜனவரியில் சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் பெண்கள் 11,000 சதுர மீட்டருக்கும் மேல் விரிப்பு செய்து கின்னஸில் இடம் பிடித்தார்கள். ஆனால் நடுவிலிருந்து சுற்றிப் போடும் கிரானி சதுரத்தில் ஓட்டை அதிகம், வால்பாறைச் சாரலுக்குப் பிளீஸ் உள்தையல் இல்லாமல் போதாது. மூன்று சதுரம் ஒரு வரிசை நடுவில், மீதிக்குக் கெட்டிப் பின்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நூல்கண்டு எழுதியது:

இன்னும் இரண்டு சந்தேகம். மெரினோவையும் அக்ரிலிக்கையும் ஒன்றாக வைத்துப் போட்டால் துவைப்பது எப்படி? அப்புறம், அம்மா கண்ணாடி போடுகிறவர். கழுத்துப் பகுதியைத் தலை வழியாக இழுத்துப் போடும்போது கண்ணாடியும் கொண்டையும் தடுக்குமே?

ஊசிமுனை எழுதியது:

பச்சைத் தண்ணீரில் திரவ சோப்பு கலந்து ஊறவைத்து, கசக்காமல் அமுக்கி அலசுங்கள். வெந்நீரும் கசக்கலும் சேர்ந்தால் மெரினோ திரண்டு சுருங்கிவிடும். முறுக்கிப் பிழிய வேண்டாம். ஒரு துண்டில் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் இறங்கிவிடும், பிறகு தட்டையாகப் போட்டு நிழலில் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் கழுத்து நீண்டுவிடும். இஸ்திரிப் பெட்டியைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், அக்ரிலிக் சூட்டில் உருகித் தொய்ந்தால் திரும்பி வராது.

கழுத்தைப் பற்றி: முடிக்கும் வரிசை இறுகினால்தான் தலையில் நுழையாது. இரண்டு கண்ணியைப் பின்பக்கமாகச் சேர்த்து ஒன்றாக நிட் போடுங்கள், வந்த கண்ணியை இடது ஊசிக்கே திருப்பி ஏற்றுங்கள், மறுபடி இரண்டைச் சேருங்கள். இப்படியே சுற்றி முடித்தால் ஓரம் தாராளமாக விரியும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போட்டுக்கொண்டு பிறகு மாட்டச் சொல்லுங்கள்.

கோத்தகிரிமகள் எழுதியது:

டீச்சர், குளிரில் விரல் மரத்திருக்கும்போது கண்ணாடியைக் கழற்றி, ஹூட்டை இழுத்து, மறுபடி மாட்டுவது வயதானவர்களுக்குச் சிரமம். கண்ணாடி கீழே விழுந்தால் அந்தப் பாதையில் என்ன செய்வது? கழுத்தின் முன்பக்கத்தைத் திறப்பாக வைத்துப் பொத்தான் போடலாம். தாடைக்குக் கீழே தைக்காமல் விட்டு, கழுத்தைச் சுற்றிப் போடாமல் போய்த் திரும்பிப் போட்டால் போதும்.

ஊசிமுனை எழுதியது:

திறப்பு வைத்தால் நெஞ்சுக்குள் காற்று போகும். எனக்கு மனம் ஒப்பவில்லை. வைத்தே ஆக வேண்டுமென்றால் 6 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவுக்குக் கூடுதலாகக் கண்ணி எடுத்து, மேல் மடிப்பில் பொத்தான் ஓட்டை வையுங்கள்.

ஸ்காபரோவாசி எழுதியது:

என் மாமிக்கு நான் பொத்தான் வைத்ததுதான் பிடித்தது. பஸ்ஸில் ஏறியதும் சூடு, உடனே திறக்க வேண்டும், இறங்கியதும் மூட வேண்டும். மலையிலும் ஏறும்போது வேர்க்கும், நின்றால் குளிரும். பொத்தான் பெரிதாக இருக்கட்டும், 25 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். கையுறை போட்ட விரலுக்கு அதற்குச் சின்னது அகப்படாது. உலோகப் பொத்தான் தாடையில் பட்டால் சில்லிடும், மரம் அல்லது பிளாஸ்டிக் எடுங்கள்.

நூல்கண்டு எழுதியது:

அம்மாவிடம் இரண்டையும் சொல்லிக் கேட்டேன். பொத்தான்தான் வேண்டுமாம், அதுவும் இடப்பக்கமாக, வலது கையில் தடி இருக்கும் என்கிறார். டீச்சர் சொன்ன 6 செ.மீ. மடிப்போடு வைக்கிறேன். அதற்கு 120-க்கு மேல் எத்தனை கண்ணி கூட்ட வேண்டும் டீச்சர்?

ஊசிமுனை எழுதியது:

14 கூட்டுங்கள். 134 வரும், முக ரிப் மாதிரியே 2 நிட்டில் தொடங்கி 2 நிட்டில் முடியும். இரு ஓரத்திலும் முதல் கண்ணியைப் போடாமல் ஊசி மாற்றிக்கொண்டு போனால் பொத்தான் ஓரம் நேராக நிற்கும்.